பியானோத் துணையியல்

பாயிரம்

பியானோ, 52 வெள்ளையும் 36 கறுப்புமாக 88 கட்டைகள் உடையது. ஃப்ளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி 1700 வாக்கில் இதன் முதல் வடிவைச் செய்தார். கட்டைகளைக் கொடுத்தவர், கற்பவனுக்குக் கைகொடுக்கும் ஆளைக் கொடுக்காமல் போய்விட்டார். அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல். இதற்கு முதல்நூல் நன்னூல். அதை இயற்றிய பவணந்தியார் பியானோவைக் கண்டவரல்லர். ஆயினும் ஆசிரியர் ஆகாதார்க்கு அவர் சொன்ன உவமைகள் நான்கும் இன்றைய சென்னையில் பியானோ வகுப்பு நடத்திக்கொண்டிருக்கின்றன.

ஆகாத் துணை

நூற்பா: குடமும் பனையும் குண்டிகை தெங்கும் எனநான் காகும் ஆகாத் துணையே.

உரை: கழற்குடம் என்பது, கழற்சிக்காயை எந்த வரிசையில் போட்டாலும் கவிழ்த்தால் கண்டபடி உருட்டிவிடுவது. யூட்யூப் இவ்வகை. சி மேஜர் ஸ்கேல் தேடியவனுக்கு முதலில் பியானோ மேதை லிஸ்ட் வருவார், பிறகு பத்தே நிமிடத்தில் பியானோ வரும், அதன்பின் பிரியாணி வரும். காணொளிக்கு வாய் உண்டு, காது இல்லை. நீங்கள் எப்படி வாசித்தாலும் 'அருமை, அடுத்த பாடத்துக்குப் போவோம்' என்றே சொல்லும்.

மடற்பனை, தானாக விழுந்தால்தான் பழம் தரும். ஏறினால் கருக்கு அறுக்கும். மேதைகள் இவ்வகை. அற்புதமாக வாசித்துக் காட்டுவார்கள். எப்படி என்று கேட்டால், "வரும், வரும்."

பருத்திக் குண்டிகை, பஞ்சடைத்த குடுவை. பிய்த்துப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். கிரேடு மாஸ்டர் இவ்வகை. தேர்வுக்கு மூன்று உருப்படி, ஆண்டு முழுதும் அம்மூன்றே. இவரிடம் பயின்ற பிள்ளையிடம் விருந்தாளி "ஒரு பாட்டு வாசியேன்" என்றால், "எந்த கிரேடு, அங்கிள்?" என்று கேட்கும்.

முடத்தெங்கு: நீர் ஊற்றுவது நம் வீடு, காய் விழுவது அடுத்த வீடு. கட்டணம் நம்முடையது, மாஸ்டரின் கவனமெல்லாம் ஆண்டுவிழாவில் வாசிக்கப்போகும் வேறொரு பிள்ளைமேல்.

ஆகும் துணை

நூற்பா: நோயிடம் அறிந்தபின் நாடுக துணையே.

உரை: நோய் இருக்கும் இடம் நான்கு: இருக்கை, கருவி, விரல், காது. தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டு வலித்தால், ஸ்டூலை உயர்த்துவதே மருந்து, மாஸ்டரை மாற்றுவதன்று. கருவிநோய்க்கு ட்யூனர். கடற்காற்றின் ஈரத்தில் ஒலிப்பலகை உப்பும். ஏறக்குறைய 230 கம்பிகளும் சுருதி விலகும். அப்போது பிள்ளையைத் திட்டுவது, உளுத்த படியில் விழுந்தவனைப் பார்த்து நடக்கத் தெரியாதா என்பதற்கு ஒப்பாகும். காதுநோய்க்குத் தன் வாசிப்பைச் செல்பேசியில் பதிந்து கேட்பது மருந்து, கசக்கும்.

விரல்நோய்க்கே ஆசிரியர். வியன்னாவில் செர்னி, சிறுவன் லிஸ்டுக்குக் கட்டணம் வாங்காமல் கற்பித்தார். கண்டபடி பாய்ந்துகொண்டிருந்த அந்தப் பையனை க்ளெமென்டியின் சொனாட்டாக்களில் கட்டிப்போட்டு விரலொழுங்கு சொன்னார். பையனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வளர்ந்தபின் தன் கடினமான எட்யூட் தொகுப்பை அவருக்கே காணிக்கையாக்கினான். மாணவன் விரும்பியதை விட்டு அவனுக்கு வேண்டியதைக் கொடுத்தவர் என்பதால் செர்னி இவ்வியலின் எடுத்துக்காட்டாயினார்.

புறனடை

நூற்பா: கூறிய வகையுள் அடங்கார் உளரே.

உரை: எம் கீழ்வீட்டுப் பெரியவருக்கு ஷோபினும் தெரியாது, சரிகமவும் தெரியாது. இரண்டு மாதம் பொறுத்திருந்தவர், ஒருநாள் மாடிப்படியில் மறித்தார்.

"தம்பி, தினமும் நல்லாத்தான் கெளம்புற. அந்த ஒரு எடத்துல வந்து தடுக்கி விழுந்துட்டு, மறுபடியும் மொதல்லேருந்து வர்ற. ஒருநாளைக்கு அந்த எடத்துலேருந்தே ஆரம்பிச்சுப் பாரேன்."

மறுநாள் அவ்வாறே செய்தோம்; வாரக் கடைசியில் தடுக்கல் நின்றது. இவரை எவ்வகையில் சேர்ப்பது என்பதில் உரையாசிரியர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. கட்டணம் வாங்காமையின், இப்போதைக்குச் செர்னிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.