நாலரை இஞ்ச் மனிதர்

நம் வீட்டுக்கு வந்தால் காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்துபோய் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தர்பூசணி வாங்குகிறவரின் முகம். "நாலரை இஞ்ச் சுவர்தான். பூச்சு லூஸா இருக்கே!" பிறகுதான் காபி.

எல்லாம் ஒரு ஏசி பாயிண்டில் ஆரம்பித்தது. ஒயர் பைப்பைப் புதைக்க ஐந்தடி நீளத்துக்குக் காடி எடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் கூலி சொன்னார். "அந்தக் காசுக்கு மெஷினே வாங்கிடலாமே!" என்றார் இவர். மெஷின் விலை அந்தக் கூலியைப்போல் நாலு மடங்கு என்பது பிறகு தெரிந்தது, அப்போதும் சளைக்கவில்லை.

மூன்று மாதம் ஆராய்ச்சி. லிஃப்டில் மாட்டினால் மூன்றாம் மாடி வருவதற்குள் பாடம் முடிந்துவிடும். "இம்பாக்ட் டிரில்ல ரெண்டு பல் தட்டு ஒண்ணோட ஒண்ணு உரசி அதிரும் சார், அவ்வளவுதான். ரோட்டரி ஹாமர்ல பிஸ்டன் காத்தை அழுத்தும், காத்து உள்ள இருக்கிற சுத்தியலைத் தள்ளும். வாங்கும்போது திருகுல சுத்தியல் படம் மட்டும் தனியா இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா உளி சுத்திக்கிட்டே இருக்கும், கொத்தாது." சொல்வதெல்லாம் சரி என்பதுதான் இதில் பெரிய சங்கடம். தப்பாகச் சொன்னாலாவது வாதாடி இறங்கிப் போகலாம்.

கடைசியில் இரண்டே முக்கால் கிலோவில் ஒன்று வந்தது. ஒரு அடிக்கு 2.7 ஜூல். "ஒரு கிலோ அரிசியை முக்கால் முழம்கூட வராத உயரத்துலேர்ந்து போட்டா என்ன அடி விழுமோ அது. அப்படி நிமிஷத்துக்கு 4,000 தடவை!" என்று மனைவிக்கு விளக்கினார்.

"அரிசியை ஏங்க கீழ போடணும்?" என்றார் அந்த அம்மாள்.

கட்டரால் இரண்டு பக்கமும் கோடு கிழித்துக்கொண்டு நடுவில் கொத்துவதுதான் முறை. அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் கட்டர் இன்னும் ஆராய்ச்சியில் இருந்தது. ஒரு இஞ்ச் காடிக்கு டிவி அகலத்தில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அங்கே இப்போது பெரிய மாதக் காலண்டர் தொங்குகிறது. ஆறு வருஷம் பழையது, அளவுக்காக வைத்திருக்கிறார்கள்.

மெஷினைச் சும்மா வைத்திருக்க மனசு கேட்குமா? வீடு வீடாகத் தட்ட ஆரம்பித்தார். "இந்த ஸ்விட்ச் போர்டு கொஞ்சம் உசரமா இல்ல?" குளியலறைக் குழாய், பரண் பலகை, பூஜை மாடம் என்று எதுவும் அவர் கண்ணுக்குச் சரியான இடத்தில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் உளி போட்ட அதிர்வில் பக்கத்து வீட்டு முருகன் படம் ஆணியோடு விழுந்தது. அந்த வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார். உள்ளே கொஞ்ச நேரம் சத்தம். பிறகு சத்தமே இல்லை. அரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள், மெஷின் பெட்டி பக்கத்து வீட்டுக்காரர் கையில்.

வராந்தாச் சுவரை முதலில் தட்டியது அவர்தான்.