ஜாய்ஸ்டிக்கியல்: பாயிரம் முதல் காசுப் பொத்தான் வரை

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது நம் மரபு. ஆகவே முதலில் அது. இந்நூல் நுவலும் பொருள், வீட்டில் விளையாடுவதற்கான ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கைக் குறைந்த செலவில் தானே செய்துகொள்ளுதல். கேட்கத் தகுந்தோர், ஸ்குரூடிரைவரை இதுவரை டப்பா மூடி நெம்ப மட்டுமே பயன்படுத்தியவர்கள். நூற்பயன் நான்கில் அறம் இதில் இல்லை, பொருள் கரையும், இன்பம் உண்டு, வீடு குப்பையாகும்.

இனி வரலாறு. 1980இல் நாம்கோ வெளியிட்ட பாக்-மேனை ஆட ஒரு குச்சி போதும். ஆட்டத்துக்கென்று ஒரு பொத்தான்கூடக் கிடையாது. 1991இல் காப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்கள். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் மனிதகுலத்தின் இன்னொரு கைக்கும் முழுநேர வேலை கிடைத்துவிட்டது. நாகரிக வரலாறு எழுதியவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் போனது வியப்பே.

ஜாய்ஸ்டிக் என்பது யாது? கழற்றிப் பார்த்தால் ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், சுற்றிலும் நான்கு மைக்ரோ சுவிட்ச். அவ்வளவுதான். எட்டுத் திசை எப்படி வருகிறது என்றால், மூலையில் தள்ளும்போது பக்கத்துப் பக்கத்துச் சுவிட்ச் இரண்டும் சேர்ந்து அழுந்துகின்றன. இதனால்தான் பாக்-மேனுக்கு நான்கு திசை மட்டும் போகும் குச்சி வைத்தார்கள். எட்டுத் திசைக் குச்சியில் ஆடினால், திருப்பத்தில் கை சற்றே சரிந்தாலும் அது மூலைக் கட்டளையாகி, பேயிடம் மாட்டிக்கொள்ள நேரும்.

இங்கே ஓர் ஐயம் எழும். குச்சியை மேலே தள்ளினால் எந்தச் சுவிட்ச் அழுந்தும்? மேற்சுவிட்ச் என்பர் கண்ணால் கண்டதை நம்புவோர். அது பொருந்தாது. தண்டு நடுவில் ஊன்றி ஆடுவதால், தலை மேலே போனால் வால் கீழே போகும், கீழ்ச்சுவிட்சே அழுந்தும். இதை அறியாமல் பார்த்தபடியே வயர் மாட்டியவரின் வீரன், முன்னேறு என்றால் பின்வாங்குவான், குதி என்றால் குனிவான். பரிகாரம் எளிது. வயரைத் தொடவே வேண்டாம். நான்கு திருகைக் கழற்றிக் குச்சியை அரை வட்டம் திருப்பி மாட்டினால் வீரனுக்குப் புத்தி வந்துவிடும்.

பொத்தானுக்கு வருவோம். நூற்பா:

ஒருகால் தனித்தே, மறுகால் பொதுவே,
இருகாலும் கூடப் பிறக்கும் அடியே.

கால் என்றது பொத்தானின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை. இரண்டில் ஒன்று, அழுத்தலைக் கணினிக்குச் சொல்லும் யூஎஸ்பி கார்டில் அந்தப் பொத்தானுக்கென்று உள்ள இடத்துக்குப் போகும். மற்றது எல்லாருக்கும் பொதுவான கிரவுண்டுக்கு. எது எங்கே என்று தடுமாற வேண்டியதில்லை. விளக்கு எரியாத சாதாரணப் பொத்தானுக்குப் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது. குச்சி, பொத்தான், வயர், கார்டு எல்லாம் சேர்ந்த மலிவு செட்டில் வயர் நுனியிலேயே கிளிப் இருக்கும் என்பதால் சால்டரிங்கும் தேவைப்படாது. ஆனால் கிளிப்பில் 2.8 மில்லிமீட்டர், 4.8 மில்லிமீட்டர் என இரு குலம் உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தம் செய்யாது. பொத்தானைத் தனியாக வாங்குவோர் இதைக் கேட்டு வாங்குக.

அந்தக் கார்டுக்கு 'ஜீரோ டிலே' என்று பெயர். பெயர் வைத்தவர் கவிஞராக இருக்க வேண்டும். யூஎஸ்பியில் போகும் எதுவும் கணினி கேட்கும்போதுதான் பதில் சொல்லும். தாமதம் சுழியம் ஆகாது. அதைக் குறைத்தே தீருவேன் என்பவர் அந்தக் கார்டுக்குப் பதிலாக ராஸ்பெர்ரி பை பிக்கோ வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ஜிபி2040-சிஇ மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். தொடக்கக்காரருக்கு இந்தக் கவலை வேண்டாம் என்பது என் துணிபு. தோற்றது தாமதத்தால் அல்ல.

இவ்வியலின் உண்மையான சிக்கல் மின்சாரத்தில் இல்லை, தச்சில் இருக்கிறது. பெட்டிதான் எல்லாம். பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு மாட்டினால் வேலை சுளுவாக முடியும். ஆனால் கனம் இல்லாததால் மடியில் நிற்காமல் குழந்தைபோல் நழுவிக்கொண்டே இருக்கும். பிளைவுட் நிற்கும். ஆனால் 12 மில்லிமீட்டர் பலகையில், அழுத்திச் சொருகும் வகைப் பொத்தான் பிடிக்காது. அது மெல்லிய தகட்டுக்கு ஆனது. மரை போட்டு இறுக்கும் வகை வேண்டும். குச்சியும் பலகைத் தடிப்பில் பாதி மறைந்து குட்டையாகத் தெரியும். அடிப்பக்கத்தைக் குடைந்து உள்ளே ஏற்றி மாட்ட வேண்டும். சேமிப்பதானால் குச்சியில் சேமியுங்கள், பலகையில் வேண்டாம்.

துளை, பொத்தானுக்கு 30, குச்சிக்கு 24 மில்லிமீட்டர். பொத்தானின் மையத்துக்கு மையம் 36 விட்டால் விளிம்பு இடிக்காது. வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் எடுப்போர், தாளுக்குப் பொருந்தும்படி கம்ப்யூட்டர் தானாகச் சுருக்கிவிடாமல் நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்க. வந்த தாளில் ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே துளையிடுக. பலகையைத் தச்சரிடம் கொடுத்தால் அவர் வட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதென்ன அடுப்புக்கா?" என்பார். ஆமாம் என்றுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எஞ்சியது காசுப் பொத்தான். கணினியில் மேம் போன்ற எமுலேட்டர் வழியே ஓடும்போதும் பழைய ஆர்கேட் ஆட்டம் காசு கேட்கும். கடை மெஷினிலும் நாணயம் விழுகிற வழியில் ஒரு சுவிட்சைத் தட்டியது, அவ்வளவே; மெஷின் பணத்தைப் பார்த்ததே இல்லை, தட்டலைத்தான் எண்ணியது. எனவே வீட்டில் ஒரு பொத்தான் நாணயச்சாலை ஆகிறது. பொருளியலார் அஞ்சும் பணவீக்கம் உடனே தொடங்கும்: உயிர் மலிந்துவிட, யாரும் தடுத்து ஆட மாட்டார்கள்.

இந்தப் பொத்தானையும் ஸ்டார்ட்டையும் பெட்டியின் பின்பக்கச் சுவரில் வைப்பதே முறை. ஆட்டப் பொத்தான் ஆறுக்கும் பக்கத்தில் வைத்தால், கன்சோலில் மும்முரமாக ஆடும்போது உள்ளங்கை பட்டு ஸ்டார்ட் அழுந்தி ஆட்டம் நின்றுவிடும். தோற்கும் தறுவாயில்தான் அப்படி நிற்கிறது என்று தம்பி சொல்வான். அதை மறுக்க இந்நூலில் சான்றில்லை.