ட்ரூவா, ஃபால்ஸா? - பிஎச்பி கேள்வி-பதில்

கே: மெத்தடிலிருந்து ஃபால்ஸ் ரிட்டர்ன் செய்து எக்கோ போட்டேன். திரையில் ஒன்றுமே வரவில்லையே?
ப: ட்ரூவை எக்கோ செய்தால் 1 வரும். ஃபால்ஸுக்கு வெற்று ஸ்ட்ரிங்தான். பார்த்தே தீர வேண்டுமென்றால் வார்_டம்ப் போடுங்கள்.

கே: பிஎச்பி செத்துவிட்டதாமே?
ப: ஃபால்ஸ்.

கே: 'வயது 18 ஆகியிருந்தால் ரிட்டர்ன் ட்ரூ, எல்ஸ் ரிட்டர்ன் ஃபால்ஸ்' என்று எழுதினேன். டீம் லீட் சிரிக்கிறார்.
ப: நானும்தான். அந்த ஒப்பீடே ட்ரூ அல்லது ஃபால்ஸைக் கையில் கொடுத்துவிடுகிறதே, அதை அப்படியே ரிட்டர்ன் செய்ய வேண்டியதுதானே? 'பசிக்குதா மாப்ளே?' என்றால், 'பசிப்பது உண்மையாயின் ஆமாம், அன்றேல் இல்லை' என்கிறவருக்கு எந்த மாமியார் இலை போடுவார்? எல்ஸைக் கண்டாலே எனக்கு ஆகாது.

கே: ட்ரூ, ஃபால்ஸ் திருப்பும் மெத்தடுக்கு என்ன பெயர் வைப்பது?
ப: இஸ், ஹேஸ், கேன் என்று ஆரம்பியுங்கள். 'இஸ்நாட்ஆக்டிவ்' என்று வைத்து, முன்னால் ஆச்சரியக்குறியும் போடுகிறவர்கள் 'இல்லாமல் இல்லை' என்று மேடையில் பேசப் போகலாம்.

கே: 'முருகன்' என்ற பெயரில் 'முரு' இருக்கிறதா என்று ஸ்ட்ர்பாஸ் வைத்துப் பார்க்கிறது என் மெத்தட். இல்லை என்கிறதே!
ப: முருகனே வாசலில் வந்து நின்றாலும் ஆளில்லை என்று அனுப்பிவிடுகிறீர்கள்! ஸ்ட்ர்பாஸ் சொல்வது இடத்தை. தொடக்கத்திலேயே இருந்தால் இடம் 0. அந்த 0-வை இஃப் ஃபால்ஸாக எடுத்துக்கொள்கிறது. ஆக, முருகன் செய்த ஒரே தப்பு முன்னால் நின்றது. இரண்டு சமக்குறி போட்டு ஃபால்ஸோடு ஒப்பிட்டாலும் இதே கதிதான்; மூன்று போட்டால்தான் 0 வேறு, ஃபால்ஸ் வேறு என்று தெரியும். 2020-ல் வந்த 8.0 பதிப்பில் ஸ்ட்ர்_கன்டெய்ன்ஸ் இருக்கிறது. ட்ரூ, ஃபால்ஸ் தவிர வேறு பேச்சே கிடையாது.

கே: ரிட்டர்ன் டைப் பூலியன் என்று எழுதிவிட்டால் கவலையில்லைதானே?
ப: இருக்கிறது. 7.0 முதல் அப்படி எழுதலாம். ஆனால் மெத்தட் தவறுதலாக 'ஃபால்ஸ்' என்ற ஸ்ட்ரிங்கைத் திருப்பினால், பிஎச்பி அதைச் சத்தமில்லாமல் ட்ரூவாக்கிவிடும். வெற்று ஸ்ட்ரிங்கும் '0'-வும் தவிர எல்லா ஸ்ட்ரிங்கும் அதற்கு ட்ரூதான். அனுமதி உண்டா என்று பார்க்கும் மெத்தடில் இது நடந்தால், வெளியே நிற்க வேண்டியவர் உள்ளே வந்துவிடுவார். ஃபைலின் தலையில் ஸ்ட்ரிக்ட்_டைப்ஸ்=1 இருந்தால் டைப்எரர் வந்து காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் ஃபால்ஸ் திருப்பாதீர்கள், எக்ஸெப்ஷன் எறியுங்கள். 'அனுமதி இல்லை' வேறு, 'கேட்கவே முடியவில்லை' வேறு. இரண்டுக்கும் ஒரே ஃபால்ஸைத் திருப்பும் மெத்தட் உங்கள் ஃபைலில் இருந்தால், இன்றைக்கே திருத்திவிடுங்கள்.