கடையாணி இல்லாத வண்டி

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலுக்கு வைகாசியில் தேரோட்டம். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றைக்கும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கிறார்கள். தேரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. அதே திருவிழாவில், மாட வீதி முடிந்து, வளையல் கடையும் பேரீச்சம்பழக் கடையும் முடிந்த இடத்தில், புழுதிக்குள் நின்று சுற்றும் ராட்டினத்தைப் பற்றி எழுதுவதற்கு ஆள் குறைவு. நான் அதைப் பற்றியும், வெகுகாலம் கழித்து எங்கள் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்த ரோலர் கோஸ்டரைப் பற்றியும் எழுதப் போகிறேன்.

எண்பதுகளில் பாகூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வில்லியனூருக்குப் போவோம். அங்கே எங்களுக்குக் கிடைத்தது தொட்டி ராட்டினம். நட்டு வைத்த இரண்டு மரத்தூண், நடுவே ஓர் இரும்பு அச்சு, நான்கு மரத் தொட்டி. அச்சுக்கு மாட்டு வண்டிக்குப் போடும் அதே கறுப்பு வண்டி மையை அப்பியிருப்பார்கள். அது உச்சி வெயிலில் இளகித் தூணில் வழிந்து, ஏறுகிற பிள்ளைகளின் சட்டையெல்லாம் அப்பிக்கொள்ளும். தொட்டிக்குக் கதவு கிடையாது. குறுக்கே ஒரு தாம்புக்கயிறு, அதுவும் பாதி நேரம் அவிழ்ந்தே கிடக்கும். இரண்டு பேர் கையால் தள்ளிவிடுவார்கள். நம் தொட்டி உச்சிக்குப் போகையில் அச்சு கிறீச்சிடும், தூண் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும், அந்தக் கணத்தில் கீழே கடைகளின் மேல் வேய்ந்த தென்னங்கீற்று மட்டும் தெரியும். இறங்கும்போது அடிவயிறு காலியாகிப் போகும். உயரம் என்று பார்த்தால் ஓர் ஓட்டு வீட்டுக் கூரை அளவுதான்.

ஏறுகிறவர்கள் பிள்ளைகளும் இளவட்டங்களும். அம்மாவும் ஆயாவும் கீழே நிற்பார்கள். எங்கள் செருப்பு, பிரசாதப் பை, தம்பியின் ஊதல், கைக்குழந்தை எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். ஏறக் கூடாது என்று யாரும் அவர்களைத் தடுத்ததில்லை. ஏறுகிறீர்களா என்று யாரும் கேட்டதும் இல்லை. புடவை கட்டிய பொம்பளை ஊர் பார்க்கத் தொட்டியில் உட்கார்ந்து காலைத் தூக்குவதாவது! ஆண்களில் பெரியவர்கள் பாதிப்பேர் சாராயக்கடைப் பக்கம் போயிருப்பார்கள். புதுச்சேரிக் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரே திருவிழாவுக்குப் போன ஒரே குடும்பம், போய்ச் சேர்ந்ததும் மூன்று திசையில் பிரிந்துவிடும். கடைசி பஸ்ஸுக்குத்தான் மறுபடி ஒன்று சேரும்.

ரோலர் கோஸ்டர் பிறந்த கதையைப் பிற்பாடு படித்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் 1884-இல் லாமார்கஸ் தாம்சன் என்பவர் ஒரு சவாரி அமைத்தார். ஏறத்தாழ 600 அடி நீளம், மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம், கட்டணம் ஐந்து சென்ட். பயணிகள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி மேடும் பள்ளமுமாகப் போவார்கள். மறுமுனையில் ஆட்கள் வண்டியைத் தள்ளி மேடேற்றித் திருப்பி அனுப்புவார்கள். தாம்சன் கடவுள் பக்தி மிகுந்தவர். மதுக்கடைக்குப் போகிற கூட்டத்தைக் குடும்பத்தோடு பொழுதுபோக்குகிற பக்கம் திருப்ப வேண்டும் என்று நினைத்தவர். அதாவது, இன்று தலைகீழாகப் புரட்டி எடுக்கிற இந்த இயந்திரம், தொடக்கத்தில் பெண்டு பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவதற்கென்றே செய்யப்பட்டது. எங்கள் திடலில் ஆயா செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளுக்கு நூறு வருஷம் முன்னாலேயே அங்கே அதற்கு வழி பிறந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி பாரீஸ் வழியாக வந்தது. சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். ஆடியில் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை, வீராம்பட்டினம் தேருக்குச் சரியாக வந்துவிடுவார்கள். 1992 ஏப்ரலில் பாரீஸுக்குப் பக்கத்தில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அதற்குப் பிறகு வந்த ஓர் ஆடியில் சித்தி ஒரு போட்டோ கொண்டுவந்து காட்டினாள். செம்மண் நிறப் பாறை மலை, அதைச் சுற்றிச் சுரங்க ரயில். பிக் தண்டர் மவுண்டன் என்று அதற்குப் பெயர். மலை ஒரு தீவில் இருக்கிறது, ரயில் ஏரித் தண்ணீருக்கு அடியில் இருட்டுக் குகை வழியாகப் போய்த்தான் தீவில் ஏறும் என்று சித்தி சொன்னாள். 102 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சின்னப் பிள்ளையும் ஏறலாமாம்.

அம்மா போட்டோவை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "நீயும் ஏறினியாடி? புடவையோடவா?"

"ஆமாக்கா. அங்க யாரு நம்மளப் பார்க்கிறாங்க? அவங்கவங்க பயம் அவங்கவங்களுக்கு."

அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போட்டோ எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பல வருஷம் இருந்தது. ஒட்டியவள் அம்மாதான்.

இதற்கிடையில் நம் பக்கமும் மாறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூங்காக்கள் வந்தன. தாம்பரம் பக்கம் 1995-இல் கிஷ்கிந்தா வந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் தொடங்கியது. நம் ஊர்ப் பொருட்காட்சிகளுக்கும் கொலம்பஸ், டோரா டோரா, பிரேக் டான்ஸ் என்ற சவாரிகளெல்லாம் வர ஆரம்பித்தன. கூடவே டிராகன் ரயில். முகப்பில் வாய் பிளந்த டிராகன் தலை, பின்னால் நாலைந்து பெட்டி, ஒரு சின்ன மேடு, ஒரு வளைவு, மோட்டார் இழுக்க அதே பாதையில் மூன்று நான்கு சுற்று. அதில்தான் நான் முதன்முதலாகத் தகப்பன்மார் மகளை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். நான் சிறுமியாக இருந்தபோது அப்பாக்கள் ராட்டினத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரு கோடை விடுமுறையில் எல்லாரும் சென்னைப் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். அம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. முழங்கால் வலியைத் தவிர வேறு நோயில்லை. அங்கே குடும்பத்துக்கான கோஸ்டர் ஒன்று இருந்தது. பெரிய உயரம் இல்லை, தலைகீழ் வளையம் இல்லை. வழக்கம்போல அம்மா எங்கள் பைகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். என் மகள் பைகளையெல்லாம் வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "வா அம்மாச்சி" என்றாள்.

அம்மா உடனே ஏறிவிடவில்லை. அவள் வண்டி மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். பாகூர் வயல்களிலிருந்து நெல் ஏற்றிவரும் வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் அச்சு சரியில்லை, ஆரக்கால் ஆடுகிறது என்று சொல்லக் கூடியவள். குனிந்து அந்த ரயில் பெட்டியின் அடியைப் பார்த்துவிட்டு அங்கே நின்ற பையனிடம் கேட்டாள்: "தம்பி, இதுக்குக் கடையாணி எங்கப்பா?"

கடையாணி என்பது வண்டிச் சக்கரம் அச்சைவிட்டுக் கழன்றுவிடாமல் செருகும் ஆணி. அந்தப் பிள்ளைக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஆனால் கேட்பது இன்னதென்று புரிந்துவிட்டது. முட்டி போட்டுக் கையை நீட்டிக் காட்டினான். "பாருங்கம்மா. குழாய்க்கு மேல ஓடுறது ஒரு சக்கரம், பக்கத்துல ஒட்டி ஒண்ணு, அடியில கவ்வுற மாதிரி ஒண்ணு. மூணும் சேர்ந்து குழாயப் புடிச்சிருக்கு. வண்டி மேலயும் தூக்க முடியாது, பக்கத்துலயும் சாய முடியாது."

அந்த அடிச்சக்கரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டி தண்டவாளத்தைவிட்டு எழும்பவே முடியாது என்றான பிறகுதான் செங்குத்தான இறக்கங்களும் கூர்மையான வளைவுகளும் வந்தன. ஆனாலும் மரப் பாதையில் ஓடிய வண்டிகள் எலும்பைக் குலுக்கின. 1959-இல் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் மேட்டர்ஹார்ன் சவாரிக்கு முதன்முதலாக எஃகுக் குழாயைத் தண்டவாளமாகப் போட்டார்கள். குழாயை வேண்டிய பக்கம் நெளிவாக வளைக்கலாம். நைலான், பாலியூரிதேன் பூசிய சக்கரங்கள் அதன் மேல் அதிராமல் ஓடும். எழுபது வயது முதுகெலும்பு ஒரு கோஸ்டரைத் தாங்குவது இந்த வழுவழுப்பினால்தான்.

அம்மா பையன் காட்டிய சக்கரத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "அப்ப கழண்டுக்காது" என்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடுப்பெட்டியில் போய் உட்கார்ந்தாள். மடிக்கு மேல் கம்பி இறங்கியது. சங்கிலி பிடித்து இழுக்க ரயில் டக் டக்கென்று ஏறியது. அந்தச் சத்தம் வண்டி பின்னால் உருண்டுவிடாதபடி அடியில் ஒரு கொக்கி பல் பல்லாக விழுந்து பிடிக்கிற சத்தம். உச்சியில் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு இறங்கியது.

அம்மா கத்தினாள். பயத்தில் தொடங்கிய கத்தல் முதல் வளைவு திரும்பும்போதே சிரிப்பாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஊரறியக் குரலெடுப்பது சாவு வீட்டில்தான். ஒப்பாரியில் அம்மாவின் குரல் எவ்வளவு உரத்தது என்று எனக்குத் தெரியும். அதே குரலை ஒரு சந்தோஷத்துக்காக அவள் அவிழ்த்துவிட்டதை நான் முதன்முதலாகக் கேட்டது அந்தப் பெட்டியில். பக்கத்தில் என் மகள், பின்னால் நானும் வீட்டுக்காரரும் மகனும். முழுச் சுற்றும் ஒரு நிமிஷத்துக்குப் பக்கம்தான். இறங்கியதும் அம்மா கேட்டது, "இன்னொரு தபா போலாமா?"

மிதமான கோஸ்டரைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லாவில் தஞ்சோரா என்று ஒரு தொங்கு கோஸ்டர் இருக்கிறது. பெட்டி பாதைக்குக் கீழே தொங்கிக்கொண்டு சுழலும். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபில்லார்ட் நிறுவனம் செய்து இந்தியாவுக்கு வந்த முதல் தொங்கு கோஸ்டர் அது. இளம் பிள்ளைகள் அதற்கு ஓடட்டும், நல்ல விஷயம். ஆனால் அதில் குடும்பம் பிரிந்துவிடும். பாட்டி வெளியே, தங்கச்சி உயரம் போதாமல் வெளியே, அவளுக்குத் துணையாக அம்மா வெளியே. மறுபடியும் பைகளைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிற பெண்கள். கிளர்ச்சிக்கு அசுர வேகம் வேண்டும் என்பதும் சரியில்லை. ஃப்ளோரிடாவில் 1975 முதல் ஓடுகிற ஸ்பேஸ் மவுண்டன் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இருட்டுக்குள் ஓடுவதால் பெரியவர்களும் அலறுகிறார்கள். ஏழு வயதும் எழுபது வயதும் ஒரே பெட்டியில் ஒரே நேரத்தில் கத்துகிற சவாரியை அமைப்பது, ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடுவதைவிடக் கடினமான வேலை என்றே நினைக்கிறேன்.

அன்றைக்குத் தொட்டி ராட்டினம் நடை வேகத்தில் சுற்றியது, எங்களைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஓடுகிற ஓட்டத்தில் கண்ணில் நீர் வருகிறது, ஆனால் மூன்று சக்கரமும் ஒரு கம்பியும் பிடித்து வைத்திருக்கின்றன. இந்த மாற்றம் பூங்காக்களோடு நின்றுவிட்டது என்பதுதான் என் கவலை. அங்கேயும் கோளாறு வரத்தான் செய்யும். 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சவாரி உச்சியிலேயே நின்றுபோய், தீயணைப்புத் துறையினர் வந்து ஆட்களை இறக்கினார்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஓர் ஊசல் சவாரி ஒடிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். நிலையான பூங்காவிலேயே இப்படி என்றால், லாரியில் ஏற்றிவந்து இரண்டு நாளில் பூட்டி, பத்து நாளில் கழற்றிக்கொண்டு போகிற திருவிழா ராட்டினத்தை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்! சவாரிகளின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 15475 என்று இந்தியத் தர நிர்ணய விதியே இருக்கிறது. திருவிழாவுக்குத் திடல் ஏலம் விடும்போது எவ்வளவு பணம் என்று கேட்பதோடு, சவாரியைச் சோதித்த பொறியாளர் யார், சான்று எங்கே என்றும் கேட்க வேண்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளும் திருவிழாக் குழுக்களும் இதை இந்த வருஷமே தொடங்கலாம். ஏறுகிறவர்கள் டிராகன் ரயிலின் கம்பி பூட்டுகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டு உட்காரலாம், பூட்டவில்லை என்றால் இறங்கிவிடலாம்.

இன்னொன்று. அம்மாவையோ ஆயாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்களை ரயிலின் நடுவில் உட்கார வையுங்கள். கடைசிப் பெட்டி மேட்டைத் தாண்டும்போது முன்பெட்டிகள் இழுக்கிற இழுப்பில் அதிகமாகத் தூக்கிப் போடும், நடுவில் அது குறைவு. இதயநோய், கழுத்து, முதுகுத் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். மற்றபடி, பையை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால், ஏறுகிறீர்களா என்று ஒரு தடவை கேளுங்கள்.