ஹோம் பேஜ் கட்டும் தம்பி

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அவனைப் பார்க்கலாம். மடியில் லேப்டாப் பை, கையில் ரெக்கார்ட் நோட்டு. படிப்பு பிசிஏ இரண்டாம் ஆண்டு. ஆனால் கேட்டால் அதைச் சொல்லமாட்டான். "வெப் டிசைனர்" என்பான். நோட்பேடில் அடித்த "ஹலோ வேர்ல்டு" பிரவுசரில் தெரிந்த அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "ஃபவுண்டர், சிஇஓ" ஆகிவிட்டவன்.

தஞ்சாவூர்க்காரனுக்கு முதல் புராஜெக்ட் பெரிய கோயில்தான். சிலபஸில் எழுதாத சட்டம் இது. ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த 216 அடி விமானத்தை இவன் ஒரே ராத்திரியில் திரும்பக் கட்டுவான். அவன் லேப்டாப்பில் கம்பீரமாக நிற்கும் விமானம், செல்போனில் ஒடுங்கி ஊசியாகும். லேபின் அகலத் திரையில் சப்பையாகி மண்டபமாகும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து திறக்கும்போது விமானமே இருக்காது. கடைசி நேரத்தில் படத்தை மாற்றி, அதன் முகவரியாகத் தன் லேப்டாப்பின் சி டிரைவைக் கொடுத்திருப்பான்.

தலைப்புக்குக் கீழே "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று எங்கிருந்தோ காப்பியடித்த வரி. அது கட்டுக்கதை என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கும்: அவனே எடுத்த போட்டோவில் நிழல் புல்வெளியில் நீட்டிப் படுத்திருக்கும். போதாக்குறைக்கு அந்த வாரம்தான் சிஎஸ்எஸ்ஸில் டெக்ஸ்ட் ஷேடோ நடத்தியிருப்பார்கள். ஆகவே நிழல் விழாது என்ற வரிக்கே ஐந்து பிக்சல் நிழல் விழும்.

அவன் உயிராக நேசிக்கும் டேக், மார்க்கீ. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காகக் கொண்டுவந்தது. ஹெச்டிஎம்எல் 5 அதைத் தள்ளிவைத்துவிட்டது. பிரவுசர்கள்தான் பழைய உறவை அறுக்க மனமில்லாமல் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவன் பக்கத்தில் "வருக வருக" ஓயாமல் ஓடும். வந்தவர் கழுத்தும் கூடவே ஓடவேண்டும்.

வாத்தியார் ஒருநாள் டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் போட்ட உலகின் முதல் வலைத்தளத்தைக் காட்டினார். வெள்ளைத் திரை, எழுத்து, இணைப்பு, அவ்வளவுதான். "டிசைனே இல்லையே சார்!" என்று சிரித்தான். அந்தப் பக்கம் தன் செல்போனிலும் நெளியாமல் கோணாமல் திறந்ததை அவன் கவனிக்கவில்லை.

செமஸ்டர் புராஜெக்டுக்கு "லைவ் கிளையன்ட்" வேண்டுமாம். பாபநாசம் பக்கம் ரைஸ் மில் வைத்திருக்கும் பெரியப்பா மாட்டினார். முகப்பில் இலவசமாக இறக்கிய நெல்வயல் படம், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கியது.

"ஏன்டா தம்பி, நம்ம டெல்டாவுல மலை ஏதுடா? மதகு மேல ஏறி நின்னாத்தான் நமக்கெல்லாம் ஒசரம்."

அடுத்து "எங்களைப் பற்றி": உலகத் தரம் வாய்ந்த முன்னணி நிறுவனம். அதாவது பெரியப்பா, ஒரு மெஷின், ஒரு கணக்குப்பிள்ளை. அதன் கீழே "லோரம் இப்சம் டோலர்" என்று நான்கு பத்தி.

"இது என்ன, புதுப் பூச்சிமருந்தா?"

சிசரோ எழுதிய லத்தீன் நூலைச் சிதைத்து, காலி இடம் நிரப்ப வைத்துக்கொண்ட வரிகள் என்று விளக்கினான்.

"அப்ப மருந்து இல்ல, களை" என்று முடித்தார் பெரியப்பா.

கடைசியில் "தொடர்புக்கு". சப்மிட் அழுத்தினால் "நன்றி" என்று ஒரு பெட்டி துள்ளியது.

"சரி, இது யாருக்குப் போவும்?"

"எங்கயும் போவாது பெரியப்பா. இது ஃப்ரண்ட் எண்டு மட்டும்தான்."

ஜூன் 12இல் மேட்டூரில் திறக்கிற தண்ணீர் தாமதமானாலும் கடைமடையை எட்டிப் பார்க்கும். இந்தப் படிவத்தில் போட்டது தலைமதகையே தாண்டாது.

"மில்லுக்கு வர்றவன் என்னடா கேப்பான்? இன்னிக்கி ஓடுமா, மூட்டைக்கு அரவக் கூலி எவ்வளவு, போன் நம்பர் என்ன. அதுல ஒண்ணாவது இதுல இருக்கா? கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்னு போர்டுல சாக்பீஸால எழுதுறான். ஊரே நின்னு படிக்குது."

இரண்டாண்டில் அவன் கேட்ட உருப்படியான டிசைன் வகுப்பு அதுதான். சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு மலையை இடித்தான், சிசரோவைக் களையெடுத்தான், போகாத படிவத்தைப் போகச் சொன்னான். மூன்று கேள்விக்கும் மூன்றே வரியில் பதில் எழுதினான். எண்ணைத் தொட்டால் போன் போகும்படியும் செய்தான். பெரியப்பா அதைத் திரும்பத் திரும்பத் தொட்டு, தன் சட்டைப்பை அலறுவதைக் கேட்டு மகிழ்ந்தார்.

வைவாவில் எக்ஸ்டர்னல் உதட்டைப் பிதுக்கினார். "டேபிள் இல்ல, அனிமேஷன் இல்ல. டிசைனே இல்லையேப்பா!"

1991ஐ எடுத்துச் சொல்ல நாக்கு துடித்தது. மார்க் நினைவு வந்து அடக்கியது. அங்கேயே உட்கார்ந்து ஒரு மார்க்கீ சேர்த்தான். ஓடவிடச் செய்தி வேண்டுமே, பெரியப்பாவுக்குப் போன் போட்டான். மின்வாரியத்தில் மாதாந்திரப் பராமரிப்பாம், நாள் முழுக்கக் கரன்ட் கிடையாதாம். எக்ஸ்டர்னல் முகம் மலர, திரையில் பெரிய எழுத்தில் ஓடத் தொடங்கியது: "இன்று மில் ஓடாது."