சிட்டையின் கடைசி வரி

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கம்பி வளைத்து மாட்டியிருக்கும். திராட்சை மண்டியிலிருந்து வரும் சிட்டைகளை அப்பா அதில் குத்தி வைப்பார். கார்பன் தாள் வைத்து எழுதிய நீல எழுத்து. மேலே எடை, கிலோ விலை. அதன் கீழே கமிஷன், லாரி வாடகை, ஏற்றுக்கூலி, அட்வான்ஸ் கழிவு. கடைசி வரியில் நிற்பதுதான் எங்களுக்கு. அப்பா எந்தச் சிட்டையையும் அந்த வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்.

எங்கள் ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பேர் போன ஊர். கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எதைப் போட்டாலும் செலவு முன்னாடி வந்து நிற்கும். கல்தூண் ஊன்ற வேண்டும், கம்பி இழுத்துப் பந்தல் கட்ட வேண்டும். கொடி காய்ப்புக்கு வந்த பிறகும், கவாத்து வெட்டிய நாளிலிருந்து பழம் பறிக்க ஏறக்குறைய நாலு மாதம் ஆகும். பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அடிச்சாம்பல் நோய் விழுந்து கொத்தே கருகிவிடும். பழம் பறிக்கும்வரை மருந்துக்கும் கூலிக்கும் கையில் காசு வேண்டுமே! அப்பா மண்டிக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கினார்.

"வட்டி கிடையாது தம்பி. ஆனா பழத்த அவருக்குத்தான் போடணும். அவரு சொல்றதுதான் வெல" என்பார்.

இந்தக் கட்டிலிருந்து தப்பத்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் நல்ல வேலையும் கிடைத்தது. 2021 செப்டம்பரில், சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அதை நிறுவிய கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். பங்கு வாங்கிய உழைப்பாளியும் பலன் பெற முடியும் என்பதற்கு அது கண்முன் நின்ற சாட்சி. அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். சம்பளம் குறைவு; பதிலுக்குக் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை.

2022-ல் உலகமெங்கும் வட்டி ஏறியது. முதலீட்டுப் பணம் வற்றியது. எங்கள் கம்பெனிக்கு அடுத்த ரவுண்டு முதலீடு வரவில்லை. கடைசியில் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். கம்பெனி விற்றால் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், மிஞ்சுவதுதான் மற்றவர்களுக்கு. ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது. எதுவும் மிஞ்சவில்லை. என் கையிலிருந்த கடிதத்தில் பங்குகளின் எண்ணிக்கை மட்டும் பெரிதாக அச்சாகியிருந்தது. முதலீட்டாளர்கள் முதலில் எடுத்துக்கொண்டது அப்பாவின் அட்வான்ஸ் கழிவுதான், வேறு பெயரில்.

இன்று ஓடைப்பட்டி வீட்டிலிருந்து நானும் ஒரு நண்பரும் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். சின்னமனூரில் முதல் கடைக்காரர் கொடுத்த மாதக் கட்டணம் எங்களுக்குக் கிடைத்த முதல் முதலீடு. வெளியார் பணம் பாவம் என்று நான் சொல்லவில்லை. ஃபிரெஷ்வொர்க்ஸ் வளர்ந்தது அப்படிப்பட்ட பணத்தில்தான். 1996-ல் தொடங்கிய ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ, வென்ச்சர் முதலீடு வாங்காமலே வளர்ந்து, தென்காசி அருகே மத்தளம்பாறை வரை வேலையைக் கொண்டுவந்தது. இரண்டு வழியும் நம் மண்ணிலேயே இருக்கின்றன. எந்த வழியில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

போடியிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பங்கு தருகிறோம் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: கம்பெனியின் மொத்தப் பங்கு எத்தனை? விற்றால் எங்களுக்கு முன்னால் யார், எவ்வளவு எடுப்பார்கள்? வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பணம் கட்டிப் பங்கை வாங்க வேண்டும்? கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.