வீடியோ ஒரு வெள்ளை, ஸ்லைடு ஒரு வெள்ளை: கேள்வி-பதில்

கேள்வி: ஸ்லைடின் பின்னணி சுத்த வெள்ளை. அதில் வைத்த வீடியோவின் பின்னணியும் சுத்த வெள்ளை. ஆனாலும் வீடியோவைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஒரு செவ்வகம் தெரிகிறதே, ஏன்?
– கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

பதில்: இரண்டு வெள்ளைக்கும் கணக்கு வேறு. கம்ப்யூட்டர் திரைக்குக் கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. வீடியோவோ டெலிவிஷன் வழியில் வந்தது. அது கறுப்பை 16-லும் வெள்ளையை 235-லும் நிறுத்திக்கொள்ளும். ஓட்டிக் காட்டும்போது அதை 0 முதல் 255 வரை விரித்துக் காட்ட வேண்டும். அந்த விரிப்பு தவறினால் 235 அப்படியே திரைக்கு வந்துவிடும். 255-க்குப் பக்கத்தில் 235 நின்றால் சாம்பலாகத்தான் தெரியும்.

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, வீடியோவை எக்ஸ்போர்ட் செய்த மென்பொருள். டாவின்சி ரிசால்வ் என்றால் ‘டேட்டா லெவல்ஸ்’ என்ற இடத்தில் ‘ஃபுல்’ இருக்கக்கூடாது, ‘வீடியோ’ இருக்க வேண்டும். இரண்டாவது, கிராஃபிக்ஸ் கார்டு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் வீடியோவுக்கென்றே தனியாகக் கலர் அமைப்பு உண்டு. அதில் டைனமிக் ரேஞ்ச் 0–255 என்று இருக்கட்டும். ஸ்லைடில் கை வைப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். இது சரியில்லாமல் வேறு எதைச் சரிசெய்தாலும் அடுத்த கம்ப்யூட்டரில் போய் அவிழ்ந்துவிடும்.

கேள்வி: வெள்ளையும் சாம்பலும் கச்சிதமாக ஒத்துப்போகின்றன. எங்கள் நிறுவனத்தின் பச்சை மட்டும் வீடியோவில் வேறு பச்சையாக வருகிறது.
– விளம்பரப் பிரிவு ஊழியர், கோவை

பதில்: கேள்வியிலேயே துப்பு கொடுத்துவிட்டீர்கள். வீடியோவில் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேமிக்கப்படுவதில்லை. வெளிச்சம் தனியாக, நிறச் சாயல் தனியாகப் பிரித்து வைக்கப்படுகிறது. பிரிக்கவும் சேர்க்கவும் முக்கியமாக இரண்டு சூத்திரங்கள் புழக்கத்தில் உள்ளன. பழைய எஸ்டி வீடியோவுக்கு ரெக்.601, எச்டிக்கு ரெக்.709. ஒன்றால் பிரித்ததை மற்றதால் சேர்த்தால் நிறம் மாறும். 0, 128, 0 என்ற பச்சையை 709-இல் பிரித்து 601-இல் சேர்த்துப் பாருங்கள். ஏறக்குறைய 10, 150, 4 என்று வரும். கண்ணை உறுத்தப் போதுமான வித்தியாசம் இது. ஆனால் வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றிலும் சாயலே கிடையாது. அதனால் இந்தக் குழப்பம் அவற்றைத் தொடாது.

எந்தச் சூத்திரம் என்ற குறிப்பு கோப்பில் இல்லாவிட்டால், பல பிளேயர்கள் வீடியோவின் உயரத்தைப் பார்த்து ஊகம் செய்கின்றன. 720 வரிகளோ அதற்கு மேலோ என்றால் 709, அதற்குக் கீழே என்றால் 601. ஸ்லைடின் மூலையில் வைக்கத்தானே என்று வீடியோவை 480 வரிகளுக்குச் சுருக்கினீர்களா? வம்பு அங்கேதான் தொடங்கியிருக்கும். 1080-ஆகவே எக்ஸ்போர்ட் செய்து, 709 என்ற குறிப்போடு சேமித்து, ஸ்லைடில் வைத்த பிறகு சின்னதாக்குங்கள்.

கேள்வி: ஐட்ராப்பரால் வீடியோவிலிருந்தே நிறத்தை எடுத்து ஸ்லைடுக்குக் கொடுத்தேன். நிற்கும்போது ஒத்துப்போகிறது. பிளே அழுத்தியதும் மாறிவிடுகிறது!
– மருத்துவ மாணவி, மதுரை

பதில்: நிற்கும்போது நீங்கள் பார்ப்பது போஸ்டர் ஃபிரேம். அது வெறும் படம். பிளே அழுத்திய பிறகு பார்ப்பதுதான் வீடியோ. இரண்டும் திரைக்கு வரும் பாதை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பவர்பாயின்ட் 2013-இல் வந்த அந்த ஐட்ராப்பர் நல்ல கருவிதான், நீங்கள்தான் அதை வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறீர்கள். ஸ்லைடு ஷோவில் வீடியோ ஓடும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை ஸ்லைடில் ஒட்டி, அதிலிருந்து நிறத்தை எடுங்கள். நான்கைந்து இடங்களில் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரஷனால் பின்னணி முழுக்க ஒரே எண் இருக்காது. எடுத்ததும் ஒட்டிய படத்தை அழித்துவிடுங்கள்.

கேள்வி: வீடியோவைத் திருத்துவதா, ஸ்லைடைத் திருத்துவதா?

பதில்: ஸ்லைடை. அதில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண். வீடியோவைத் திருத்தினால் மறுபடி கம்ப்ரஸ் செய்ய வேண்டும், தரம் குறையும்.

கேள்வி: பவர்பாயின்டிலேயே வீடியோவுக்கு பிரைட்னெஸ் கூட்டலாமே?

பதில்: கூட்டலாம். பின்னணியோடு சேர்ந்து பேசுகிறவரின் முகமும் வெளுக்கும். பின்னணிக்காக முகத்தைப் பலி கொடுக்காதீர்கள்.

கேள்வி: எண்களில் இரண்டு மூன்றுதான் வித்தியாசம். ஆனாலும் ஓரக் கோடு பளிச்சென்று தெரிகிறது. கண் இவ்வளவு கூர்மையா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: ஓரத்தைப் பிடிப்பதில் கண் மகா கெட்டி. இரண்டு சாயல்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் கண்ணே வித்தியாசத்தை மிகைப்படுத்தும் என்பதை எர்ன்ஸ்ட் மாக் 1865-இலேயே விளக்கினார். அதே வித்தியாசம் படிப்படியாக வந்தால் கண் கண்டுகொள்ளாது. ஆகவே நிறத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டு ஓரத்தைக் கரையுங்கள். வீடியோ எஃபெக்ட்ஸில் ‘சாஃப்ட் எட்ஜஸ்’ இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான். ஷூட்டிங்கின்போதே ஆளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தோடு தோளும் கரையும்.

கேள்வி: எண்கள் அச்சாக ஒன்றே. சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் நடனக் கலைஞரின் சிவப்பு உடைக்குப் பின்னால் உள்ள சாம்பல் லேசாகப் பச்சை அடிக்கிறது.
– நடனப் பள்ளி நடத்துபவர், சென்னை

பதில்: இது கோப்பின் குற்றம் இல்லை. பாரிஸில் கோப்லான் நெசவுக் கூடத்துச் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் வேதியியலாளர் ஷெவ்ரல். அங்கே கறுப்புச் சாயம் சோடை போகிறது என்று புகார் வந்தது. சோதித்தார். சாயம் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பை மங்கவைத்தன. ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தன் எதிர் நிறத்தின் பக்கம் தள்ளும் என்று 1839-இல் புத்தகமே எழுதினார். சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பல் பச்சை அடிப்பது இதனால்தான். எண்ணைத் தொடாதீர்கள். எண்ணைத் திருத்தினால் இல்லாத பிழையைக் கொண்டுவந்து சேர்ப்பீர்கள்.

கேள்வி: பின்னணியே இல்லாமல் வீடியோவை வைக்க முடியாதா?

பதில்: முடியும், ஆனால் சாதாரண எம்பி4-இல் அல்ல. ஆப்பிளின் கீநோட் பயன்படுத்துபவர் என்றால் புரோரெஸ் 4444 கோப்பில் பின்னணி ஊடுருவித் தெரியும்படி செய்யலாம், அளவுதான் பெரிதாகும்.

கேள்வி: கிரேடியன்ட் பின்னணியை ஒத்துப்போகச் செய்வது எப்படி?

பதில்: செய்யாதீர்கள். ஸ்லைடில் வழவழவென்று இருப்பது வீடியோவில் பட்டை பட்டையாக உடையும்.

கேள்வி: எங்கள் ஹாலில் ப்ரொஜெக்டர் பழசு. பழியை அதன் மேல் போடலாமா?

பதில்: ஸ்லைடும் வீடியோவும் ஒரே லென்ஸ் வழியாகத்தான் வருகின்றன. அது கெடுத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் கெடுக்கும். மாற்றிப் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரை. முடிந்தால் தயாரித்த லேப்டாப்பையே கொண்டுபோங்கள்.

கேள்வி: நாளைக் காலையே வகுப்பு. இவ்வளவுக்கும் நேரமில்லை.
– பயிற்சி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஒத்துப்போக வைக்கும் முயற்சியையே விடுங்கள். கான்ட்ராஸ்ட் பார்டர் போட்ட பட்டுப் புடவையைப் பார்த்து உடம்பும் பார்டரும் ஏன் ஒரே நிறமில்லை என்று யாரும் கேட்பதில்லை. வீடியோவுக்குத் தெளிவான ஒரு சட்டம் போட்டு, ஸ்லைடுக்கு அடர் சாம்பல் கொடுங்கள். அல்லது ஸ்லைடு அளவை 16:9 ஆக்கி, வீடியோவைத் திரை முழுக்க விரித்துவிடுங்கள். எப்படியானாலும் காலையில் பத்து நிமிடம் முன்னதாகப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.